வாசல் நித்தியகல்யாணியும் கீமோ ஊசியும்: ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் பக்கம். வேலை மதுரையில், ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்கும் அறையில் மருந்தாளுநர். ஊருக்கு வந்தால் பையை இறக்கி வைப்பதற்குள் யாராவது மருந்துச் சீட்டோடு வந்து நிற்பார்கள். போன வருடம் எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பி, நாட்டுப்படகு வைத்திருப்பவர், நிணநீர்ச் சுரப்பியில் புற்று என்று தெரிந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. முக்கால்வாசிக் கேள்வி ஒரே செடியைச் சுற்றித்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதையே சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன்.

நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்களாமே, நிஜமா, வாட்ஸ்அப் கதையா?

நிஜம். நாம் சுடுகாட்டு மல்லி, கல்லறைப் பூ என்று சொல்லி வீட்டுக்குள் சேர்க்காத அதே செடிதான். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அதன் இலையில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கதை தொடங்கியது சர்க்கரை நோயில். ஜமைக்காவில் இந்த இலையைக் காய்ச்சிச் சர்க்கரைக்குக் குடிப்பார்கள். 1952-ல் அங்கிருந்து ஒருவர் கொஞ்சம் இலையைக் கனடாவில் ஒரு டாக்டருக்கு அனுப்ப, அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்குத் தள்ளிவிட்டார். எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரசரவென்று இறங்கின. வெள்ளை அணுவைக் குறைக்கிறது என்றால் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று யாருக்காவது தோன்ற வேண்டும் இல்லையா, அவர்களுக்குத் தோன்றியது. 1958-ல் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்து அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனம் தனியாக இதே செடியைத் துருவிக்கொண்டிருந்தது, வின்கிரிஸ்டின் அங்கே கிடைத்து 1963-ல் அனுமதி பெற்றது. இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் அது இல்லாமல் வேலை நடக்காது. மாமாவுக்குப் போட்ட ஐந்து மருந்தில் அது ஒன்று.

அப்படியானால் வாசலில் பறித்துக் காய்ச்சிக் குடித்தால் என்ன?

குடிக்காதீர்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

மாமாவுக்குக் கீமோவில் இரண்டாவது சுற்று முடிந்து வீட்டில் இருந்தபோது தெருவிலிருந்து ஒரு பெரியம்மா எவர்சில்வர் தூக்கில் கஷாயம் கொண்டுவந்தார். கரும்பச்சையாக, கசப்பு வாடை தூக்கலாக. பாசத்தில்தான் கொண்டுவந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தூக்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது செடி தானே உண்டாக்கும் வீரியமான பொருள்கள், இருக்கின்றன. நமக்கு வேண்டியது அதில் துளியூண்டு. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கவே 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும், வின்கிரிஸ்டின் அதைவிடக் குறைவு. அதுவும் வாய்வழி போனால் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சாது, அதனால்தான் ஊசியாகவே கொடுக்கிறோம். சரி, அவ்வளவு கொஞ்சம்தானே, கெடுதல் செய்யாது என்று நினைத்தால் அதுவும் தப்பு. மிச்சம் இருக்கும் ஆல்கலாய்டுகள் சும்மா இருக்காது. வாந்தி வரலாம், அந்த எலிகளுக்கு இறங்காவிட்டாலும் சர்க்கரை மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இறங்கலாம், ஏற்கெனவே கீமோவில் படுத்துக் கிடக்கும் வெள்ளை அணு இன்னும் படுக்கலாம். ஆடு மாடு இந்தச் செடியில் வாய் வைப்பதில்லை. கமுதி, கடலாடிப் பக்கம் மானாவாரியாக இதைப் பயிரிடுகிறவர்களுக்கு வேலிச் செலவு மிச்சமாவதே அதனால்தான்.

பெரியம்மாவிடம் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போன பிறகு கொல்லையில் ஊற்றினேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மருந்துதான் இருக்கிறதே, அப்புறம் என்ன, மருந்தைக் கட்டிக்குக் "கொண்டு சேர்க்கும் முறையை மேம்படுத்த" ஆராய்ச்சி?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. மாமா மகன் ஒருவன்தான் கேட்டான்.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழாய்கள் கயிறு மாதிரி உருவாகி, மரபுப் பொருளை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போடும். அந்தக் கயிறு டியூபுலின் என்ற புரதத்தால் திரிக்கப்பட்டது. வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு கயிறு திரியவே விடாது. செல் பாதிப் பிரிவில் நின்று செத்துப்போகும். புற்றுச் செல் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அடி அதற்குத்தான் அதிகம். ஆனால் அதே நுண்குழாய் நரம்புக்குள்ளும் இருக்கிறது, வேறு வேலைக்கு. முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை நீளும் நரம்பிழைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தண்டவாளமே அதுதான். மருந்துக்கு ஆள் தெரியாது, தண்டவாளத்தையும் பெயர்த்துவிடும். எந்த நரம்பு நீளமோ அதற்கு முதலில் கோளாறு, அதனால் கால் விரலில் தொடங்கி அப்புறம் கைவிரல்.

மாமா 40 வருடமாக வலை முடிகிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஊசியை ஓட்டுவார், விரலே கண்ணியின் அளவைச் சொல்லும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஒருநாள் கிழிந்த வலையை மடியில் போட்டு உட்கார்ந்தார். நைலான் நூல் விரலுக்கிடையில் இருப்பதே தெரியவில்லை என்றார். நூலைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டார், ஒரு கண்ணிக்கு ஒரு நிமிடம். பிறகு வலையைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மணலில் நடந்து வந்தால் ஒரு கால் செருப்பு பத்தடி பின்னால் கிடக்கும், கழன்றதே தெரியாது.

இந்த நரம்புக் கோளாறால்தான் வின்கிரிஸ்டினை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. உடல் பரப்புக்குக் கணக்குப் போட்டால் பெரிய ஆளுக்கு அதைவிடக் கூட வரும், ஆனாலும் 2-ல் நிறுத்திவிடுவோம். இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்றிய மருந்து சில நிமிடங்களிலேயே ரத்தத்தை விட்டு உடம்பு முழுக்கத் திசுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுச் செல்லோ பிரியும் நேரத்தில் மட்டும்தான் மாட்டும், எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. ஆக, மருந்து கட்டியருகே நிறைய நேரம் காத்துக்கிடக்க வேண்டும், நரம்பருகே போகவே கூடாது. ஆராய்ச்சி எல்லாம் இதற்குத்தான்.

லைப்போசோம் என்கிறார்களே, அது என்ன?

கொழுப்பால் ஆன குட்டிப் பை. பித்தநீர், முட்டை மஞ்சளில் இருக்கிற மாதிரிக் கொழுப்புகளைத் தண்ணீரில் போட்டால் தானே உருண்டு, உள்ளே தண்ணீரை அடைத்துக்கொண்டு பையாகிவிடும். 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டார். உள்ளே மருந்தை அடைத்து ரத்தத்தில் விட்டால் பை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

பாம்பனிலிருந்து மீன் மதுரைக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வழியிலேயே ஒழுகினால் பரமக்குடி தாண்டுவதற்குள் மீன் நாறிவிடும். ஒழுகவே கூடாது என்று ஆணி அடித்து மூடிவிட்டால் மார்க்கெட்டில் திறக்க முடியாது. லைப்போசோம் செய்கிறவர்கள் முப்பது நாற்பது வருடமாக மல்லுக்கட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வின்கிரிஸ்டின் சாதாரணக் கொழுப்புப் பையில் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கெட்டியான பை செய்த பிறகுதான் நின்றது. அடைக்கிற விதமும் கெட்டிக்காரத்தனமானது: பைக்குள் அமிலம், வெளியே அமிலம் குறைவு. மருந்து உள்ளே நுழைந்ததும் மின்னூட்டம் பெற்றுவிடும், திரும்பி வெளியே வர முடியாது. கூண்டு வலைக்குள் போன நண்டு மாதிரி.

அப்படி ஒரு மருந்து வந்ததா? மாமாவுக்கு ஏன் போடவில்லை?

வந்தது, போய்விட்டது. மார்கிபோ என்ற பெயரில் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மாமாவுக்கு வந்த நோய்க்கு இல்லை, இரண்டு முறையோ அதற்கு மேலோ திரும்பி வந்த ஒருவகை ரத்தப் புற்றுக்கு. 2 மில்லிகிராம் வரம்பு இல்லாமல், சதுர மீட்டருக்கு 2.25 மில்லிகிராம் வாரம் ஒருமுறை. 65 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் அந்நாட்டு அதிகாரிகளின் கணக்குப்படி 10 பேருக்கு நோய் அடங்கியது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மேல் ஆய்வை முடித்துக் காட்டுவதாகச் சொல்லி வாங்கிய முன்கூட்டிய அனுமதி அது, முடிக்க முடியவில்லை, 2022-ல் அனுமதி வாபஸ். நரம்புக் கோளாறும் முழுதாகப் போகவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த மருந்து மூன்று குப்பிகளாக வரும். மருந்தாளுநர் மூன்றையும் கலந்து, 65 டிகிரி பக்கத்தில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, எடுக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரே நோயாளிக்கு. எங்கள் அறையில் காலை எட்டு மணிக்கு வரிசையாக 40 சீட்டு நிற்கும். காகிதத்தில் அழகாக இருக்கும் கொண்டுசேர்ப்பு முறை கலக்கும் மேஜையில் தோற்றுப்போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒருநாளாவது அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

நானோ துகள் என்றால் நேராகக் கட்டிக்கே போய்விடும் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

போகாது. கட்டியில் அவசரத்துக்கு முளைத்த ரத்தநாளங்கள் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும், சின்னத் துகள் அந்த ஓட்டை வழியாகக் கசிந்து தங்கிவிடும் என்று 1986-ல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். எலியில் நன்றாகத் தெரிகிறது. மனிதக் கட்டி ஆளுக்கு ஆள், ஏன், ஒரே ஆளுக்குள்ளேயே வேறுபடும். டொரன்டோவில் ஒரு குழு பத்து வருட ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் கணக்குப் போட்டது: ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்கின்றன. ஆகவே "நானோ" என்று எழுதிய டப்பாவை யாராவது விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு செடி மருந்துகளில் இந்த வழி வெற்றி பெற்றிருக்கிறதா?

பாக்லிடாக்செல். அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது, 1992-ல் அனுமதி. டியூபுலின் கயிறைத் திரிய விடாமல் தடுப்பது வின்கிரிஸ்டின் என்றால், திரிந்ததை அவிழ விடாமல் இறுக்குவது இது. தண்ணீரில் கரையவே கரையாது. அதனால் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்தார்கள், அந்தக் கரைப்பானே பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியது. இப்போதும் சாதா பாக்லிடாக்செல் என்றால் முன்கூட்டியே ஸ்டீராய்டு, ஒவ்வாமை ஊசி எல்லாம் போட்டு, வழக்கமாக 3 மணி நேரம் ஏற்றுகிறோம். 2005-ல் வந்த புது வடிவத்தில் கரைப்பானைத் தூக்கிவிட்டு, ரத்தத்திலேயே இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து அன்றைக்கே திரும்புகிறவருக்கு இந்த இரண்டரை மணி நேரம் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதா விடுவதா என்ற விஷயம். மரத்துப்போவது இதிலும் உண்டு.

பாசி, நண்டு ஓட்டிலிருந்து கூட மருந்துப் பை செய்கிறார்களாமே?

ஆமாம், இது நம் கரைக்காரர்களுக்குச் சந்தோஷமான செய்தி, அளவோடு சந்தோஷப்படுங்கள். கட்டைக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் இருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். அதைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் கரைசலில் விட்டால் ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக இறுகும். வயிற்று அமிலத்தில் சுருங்கி, குடலுக்குப் போனதும் ஊதி, உள்ளே இருப்பதை விடும். மண்டபம் ஊரைச் சுற்றி மூங்கில் தெப்பத்தில் வளர்க்கிறோமே, பெப்சி பாசி என்று பேர் விழுந்தது, அதிலிருந்து காராஜீனன் என்ற இன்னொரு கூழ்ப்பொருள். நண்டு, இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான், அது குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் போன்றவற்றை இவற்றில் அடைத்து நிறைய ஆய்வு நடக்கிறது. பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலும் எலியிலும்தான். சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுக்கிற கூலி இதனால் ஏறிவிடும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் நம்ப மாட்டேன்.

மஞ்சளும் மிளகும் சேர்த்தால் மருந்து உடம்பில் சேரும் என்கிறார்களே?

1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு அது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்து சேர்த்தபோது ரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது அநேகமாகப் பூஜ்யம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை இருபது மடங்கு பெருக்கினால் எவ்வளவு வரும்? மீன் குழம்பில் போடுங்கள், தாராளமாக. கீமோ நடக்கும்போது மாத்திரையாக வாங்கி விழுங்காதீர்கள், மிளகுச் சத்து மற்ற மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் மாற்றும்.

மருந்தை எதிர்ப்புப் புரதத்தில் ஏற்றி அனுப்புகிறார்களாமே, அது?

எனக்கு அதிக நம்பிக்கை அதில்தான். எத்தியோப்பியப் புதர்ச்செடி ஒன்றிலிருந்து 1972-ல் மேடான்சின் என்ற பொருள் வந்தது. இதுவும் டியூபுலினைப் பிடிப்பதுதான், ஆனால் பொல்லாத விஷம். தனியாகக் கொடுத்துப் பார்த்து, தாங்க முடியாமல் கைவிட்டார்கள். பிறகு அதன் வழிவந்த பொருளை, ஹெர்2 என்ற அடையாளம் உள்ள மார்பகப் புற்றுச் செல்லைத் தேடிப்போய் ஒட்டும் புரதத்தின் முதுகில் கட்டி அனுப்பினார்கள். செல் புரதத்தை விழுங்கும், உள்ளே போனதும் விஷம் அவிழும். 2013-ல் அனுமதி. மூலையில் போட்ட மருந்து, முகவரி சரியாக எழுதியதும் பிழைத்துவிட்டது. விலைதான் நம்மால் எட்டிப் பார்க்க முடியாத உயரம்.

சரி, சாதா வின்கிரிஸ்டின்தான் போடப் போகிறார்கள். வீட்டார் என்ன கவனிக்க வேண்டும்?

மருந்து ஏறும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்த நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்து இது. அப்புறம் நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஐஸ் கட்டி வைக்கிற பழக்கம் இருக்கிறது. வேறு சில கீமோ மருந்துகளுக்கு ஐஸ் சரி, இதற்கு வெதுவெதுப்பான ஒத்தடம்தான். கேட்காமல் எதையும் வைக்க வேண்டாம்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குடல் நரம்பையும் இது மந்தமாக்கும். இரண்டு மூன்று நாள் போகாமல் வயிறு உப்பினால் காத்திருக்கக் கூடாது. பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாதிரி மாத்திரை யாராவது வேறு டாக்டர் எழுதினால், வின்கிரிஸ்டின் போடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நரம்புக் கோளாறு மோசமாகும். தாடை வலி, சட்டைப் பொத்தான் போட முடியாமை, படி ஏறும்போது பாதம் தொங்குவது, இதையெல்லாம் "கீமோன்னா அப்படித்தான்" என்று விழுங்காமல் அடுத்த சுற்றுக்கு முன்னால் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்று, குழந்தைக்கு ரத்தப் புற்று என்றால் முதுகில் ஒரு ஊசி போடுவார்கள், அது வேறு மருந்து. வின்கிரிஸ்டின் ரத்த நாளத்தில் மட்டும்தான், முதுகுத் தண்டில் போய்விட்டால் உயிர் போகும். உலகில் பல இடங்களில் சிரிஞ்சு மாறி அப்படி நடந்திருக்கிறது. அதனால் சிரிஞ்சில் தராமல் சின்ன உப்புநீர்ப் பையில் கலந்து தரச் சொல்லி 2007-ல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பையை முதுகு ஊசியில் யாரும் தவறுதலாகச் செருக முடியாது. எங்கள் அறையிலிருந்து அது பையாகத்தான் வெளியே போகும். உங்கள் இடத்தில் எப்படி என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஈஸ்ட்டில் இந்த மருந்தைச் செய்கிறார்களாம், நித்தியகல்யாணி போட்டவர்கள் கதி?

2022-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழு ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு பாதிகளையும் அதற்குள் விளைய வைத்தார்கள். தொழிற்சாலை அளவுக்குப் பெருக்குவது தனி வேலை. வேரில் இருக்கும் அஜ்மலிசின் என்ற ஆல்கலாய்டுக்காகவும் இந்தச் செடியை வாங்குகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த வருடம் விதைத்தவர்கள் பயப்பட வேண்டாம், வியாபாரி சொல்லும் விலைக்கு மட்டும் பயப்படுங்கள்.

மாமா எப்படி இருக்கிறார்?

ஆறு சுற்று முடிந்தது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி இரண்டு சுற்றில் வின்கிரிஸ்டினைக் குறைத்தார்கள். கை பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, கால் விரல் இன்னும் இல்லை. ரப்பர் செருப்புக்குப் பின்னால் பழைய வலைக் கயிற்றில் ஒரு வார் கட்டியிருக்கிறார், முடிச்சு அவரே போட்டது.